படிக்காமல் போட்ட கையெழுத்து

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர்களில் பயம் என்றால் என்னவென்றே அறியாதவர் என் சித்தப்பா தீனதயாளன் ஒருவரே. இது நான் சொல்வதல்ல, அவரே சொல்வது. காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவன் கோழை என்பதும் அவர் கண்டுபிடிப்புதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு முதுகெலும்பில் ஜவ்வு விலகியது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. “ஆறு வாரம் மாத்திரை, பயிற்சின்னு பாக்கலாம். கேக்கலைன்னா ஆபரேஷன்” என்றார் டாக்டர். சித்தப்பாவுக்குக் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது.

சம்மதப் படிவம் வந்தபோது அப்பா முதல் வரியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டினார்.

“இன்னாண்ணே, பரீட்சைக்கா படிச்சிக்கினு கீற? படிச்சா பயம்தான் வரும். போடு!”

வார்டே சிரித்தது. அப்பா வெட்கப்பட்டுப் போட்டுவிட்டார்.

ஆபரேஷன் முடிந்தும் வலி போகவில்லை. கூடவே இடது பாதம் தொங்கிப்போனது. செருப்பு காலில் நிற்காது. ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவிடுவது என் வேலை.

“நடக்கறாரு இல்ல? அப்பறம் இன்னா?” என்றார் சித்தப்பா.

போன மாசம் கிணற்று மோட்டாரைத் தூக்கப்போய் அவருக்கும் அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. அதே ஆஸ்பத்திரி. டாக்டர் அதே ஆறு வாரத்தைச் சொன்னார், சித்தப்பா அதே ஆபரேஷனைக் கேட்டார். துணைக்கு நான் போனேன், ஆசையாக. அவர் காலிலும் செருப்பு நிற்கக் கூடாது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

படிவம் வந்தது. பேனா மூடியைக் கழற்றி மரியாதையாக நீட்டினேன்.

“போடுங்க சித்தப்பா. படிச்சா பயம்தான் வரும்.”

“எனக்கா? பயமா?”

பேனாவை வாங்கினார். முனை காகிதத்தைத் தொட்டது, நகரவில்லை. போர்வைக்குள் இடது கால் விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.

“கையெழுத்து ஆச்சுங்களா?” என்றாள் நர்ஸ்.

“இரும்மா.”

“பரீட்சைக்கா படிச்சிக்கினு கீறீங்க சித்தப்பா?” என்று வார்டுக்கே கேட்கும்படி கேட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வெகு நேரம் கழித்து, தலை நிமிராமல் கேட்டார்: “இன்னாடா இது, ‘பாதத் தொய்வு’ன்னு போட்டுக்கிது?”

“எங்கப்பா.”

அவர் பேனாவைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். விரலை முதல் வரிக்குக் கொண்டுபோய், உதடு அசைய, மறுபடி படிக்கத் தொடங்கினார்.