பாயல் மூடிய மூலை

வெள்ளாயணிக் காயல் என்ற ஏரியை அளந்து வரைபடமாக்க சூடாமணிக்கு நான்கு வருஷம் பிடித்தது. விமானத்திலிருந்து எடுத்த படங்களின் மேல் டிரேசிங் தாளை விரித்து, லென்ஸில் கண்ணை ஒட்டிவைத்துக் கரையை வரைந்தாள். சந்தேகம் வந்த இடங்களுக்கு, தான் குடியிருந்த வலியசாலையிலிருந்து பஸ் பிடித்துப் போய், சேற்றில் இறங்கியே பார்த்துவிட்டு வந்தாள்.

1981இல் செண்பகவல்லி, சூடாமணி வேலை பார்த்த பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கே ஆராய்ச்சி செய்ய வந்தாள். ஆரியசாலைக் கடைத்தெரு மொத்த வியாபாரி ஒருவரின் மகள். செயற்கைக்கோள் படத்தை எண்களாகப் பதிந்த நாடா அவளுக்குக் கிடைத்தது. புரோகிராமைத் துளையிட்ட அட்டைகளாகக் கட்டிக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் காயல் முழுவதும் அச்சாகி வந்துவிட்டது. நீருக்குப் புள்ளி, நிலத்துக்கு நட்சத்திரம்.

பேராசிரியர் தங்கப்பன் அந்த நீளத் தாளைச் சுவரில் ஒட்டச் சொல்லி, மலையாளத்தில் மெச்சினார்.

"கொள்ளாம் கேட்டோ! நாலு வருஷ ஜோலி, நாலு மணிக்கூர்ல!"

பக்கத்து மேஜையில்தான் சூடாமணி இருந்தாள். அவளை நோகடிக்க அவர் சொல்லவில்லை. அவள் அங்கே இருப்பதையே மறந்து சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு எழுந்து போய்ப் பார்த்தாள். தென்மேற்கு மூலை முழுக்க நட்சத்திரம். அங்கே இடுப்பளவு நீரில் அவள் நின்றிருக்கிறாள். நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும் பாயல் என்ற களையின் பச்சையைக் கம்ப்யூட்டர் நிலமென்று எடுத்துக்கொண்டிருந்தது. 'காயலில் கால்பங்கு தூர்ந்துவிட்டது' என்று செண்பகவல்லியின் கட்டுரை டில்லிக் கருத்தரங்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

சூடாமணி வாயைத் திறக்கவில்லை. கருத்தரங்கில் யாராவது கேட்கட்டும், செண்பகவல்லி விழிக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டே தினமும் பஸ் ஏறினாள்.

மூன்றாவது வாரம் செண்பகவல்லி தாளோடு அவள் மேஜைக்கே வந்தாள்.

"அக்கா, ஒங்க படத்த வச்சு ஒத்துப் பாத்தேன். இந்த மூலையில எனக்குத் தரை வருது, ஒங்களுக்குத் தண்ணி. ஒங்களுதுதான் சரி, அல்லே?"

"பாயல். அடியில தண்ணிதான்."

"பாத்த ஒடனே சொல்லிட்டீங்களே!"

அதோடு விட்டிருக்கலாம். அந்த வியப்பை சூடாமணியால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"ஒடனே இல்லடீ. மூணு வாரமா நேக்குத் தெரியும்."

செண்பகவல்லியின் முகம் சுருங்கிற்று. "கட்டுரை போயிருந்தா?"

"போகட்டும்னுதான் இருந்தேன்."

செண்பகவல்லி தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

புரோகிராமைத் திருத்திக் கட்டுரையை அனுப்பியபோது சூடாமணியின் பெயரையும் சேர்த்திருந்தாள், அதுவும் முதலில். தங்கப்பன் சூடாமணிக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். அந்தப் பாராட்டு அவளை உறுத்தியது. மறுநாள் செண்பகவல்லியின் முன்னால் போய் நின்றாள்.

"புரோகிராம் எழுத நேக்கும் சொல்லித் தருவியா?"

செண்பகவல்லி நிமிரவில்லை. "திங்கக்கிழமை பத்து மணிக்கு சென்டருக்கு வாங்க."

போனாள். அட்டை துளையிடும் மெஷினில் செண்பகவல்லியின் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்ததும் மறுபடி உள்ளே சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.