சாவி யாரிடம் இருந்தது

அன்று காலை தாராவியிலிருந்து பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்கு நூர் நிஷாவை ஆட்டோவில் கூட்டிப்போனதே அவள் தம்பி தப்ரேஸ்தான். வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, "டென்ஷன் ஆவாத லாத்தா, நான் இருக்கேம்லா" என்றான். அந்தத் தைரியத்தில்தான் அவள் படியேறினாள்.

கணவன் ஆஷிக்கும் அவளும் பிரிந்து மூன்று வருடமாகிறது. எட்டு வயது மகள் சபா அவளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாப்பாவிடம். தாராவியில் ஒரு கார்மெண்ட் பட்டறையில் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்த நூர் நிஷாவுக்குத் திருப்பூரில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. குடியிருக்க வீடு, நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். மகளைக் கூட்டிக்கொண்டு போக நீதிமன்றத்தில் அனுமதி கேட்டாள். ஆஷிக் கூடாதென்று நின்றான். அவன் அப்படித்தான் நிற்பான் என்று தெரியும், அதனால் அதில் அவளுக்கு வருத்தமில்லை. பள்ளி விடுமுறை முழுக்க அனுப்பிவைக்கிறேன், தினமும் வீடியோ காலில் பேசட்டும் என்று அவளாகவே ஒத்துக்கொண்டிருந்தாள். நீதிபதியம்மாவும் அவள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டார்.

அப்போது ஆஷிக்கின் வக்கீல் எழுந்தார். "குழந்தையின் தாய்மாமன் இங்கேதான் இருக்கிறார். இவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர். அவரைக் கேட்டுப் பாருங்கள்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தப்ரேஸ் எழுந்து முன்னால் போனான். ஆஷிக்கின் பை தைக்கும் பட்டறையில்தான் அவனுக்கு வேலை. பிரிந்த பிறகும் அங்கேயே இரு, எங்கள் சண்டையில் உன் பிழைப்பு கெடவேண்டாம் என்று சொன்னதே நூர் நிஷாதான்.

ஹிந்தியில் சொன்னான். போன மழைக்காலத்தில் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்த நாளில், அக்கா அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம்வரை பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது. சந்தில் போனவர்கள்தான் கம்பி வழியாகத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. 

"பூட்டினீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"பூட்டினேன் மேடம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு சாவி இவனிடம் இருந்தது. பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன், நீ கிளம்பு என்று போனில் சொன்னான். அதை நம்பிப் போனேன்."

பிள்ளையைப் பூட்டிய அன்று தப்ரேஸ் கூட்டாளிகளோடு உல்லாஸ்நகருக்கு ஒரு பழைய பைக் பார்க்கப் போயிருந்தான். திரும்பி வந்தவன் அவள் காலைப் பிடிக்காத குறையாக அழுதான். மச்சான் ஆஷிக்குக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றான். அவளும் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, விசாரித்தவர்களிடமெல்லாம் "என் புத்திதான் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவைத்தாள்.

நீதிபதி தப்ரேஸிடம் திரும்பினார். "வருகிறேன் என்று நீங்கள் சொன்னீர்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு ஞாபகம் இல்லை மேடம்."

இறுதி விசாரணை முடியும்வரை குழந்தையை மகாராஷ்டிரத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவானது. திருப்பூர்க்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

உத்தரவான அன்று வீட்டுக்கு வந்ததும் நூர் நிஷா கத்தவில்லை. சபா டியூஷன் போயிருந்தாள்.

"மச்சான் பணம் குடுத்தாரால?"

"அல்லா மேல ஆணையா இல்ல லாத்தா." அவன் தரையில் உட்கார்ந்தான். "குட்டி இல்லாம என்னால இருக்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த ரூம்ல நான் யார் மூஞ்சில முழிக்க?"

"அத சொல்லியிருக்கலாம்லா. என் மருமவள விட்டு இருக்க முடியாதுன்னு அங்க சொல்லியிருந்தா நானே அழுதிருப்பேன். பூட்டுனத ஏம்ல சொன்ன?"

"கோர்ட்டுல அதுதான் நிக்கும்னு மச்சானோட வக்கீல் சொன்னாரு."

  ஆஷிக்கோடு வாழ்ந்த காலத்தில் அடிபட்ட இரவுகளில்கூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை. அவன் அடிப்பான் என்று தெரிந்திருந்தது. இவனை அவள் இடுப்பில் சுமந்து வளர்த்திருந்தாள்.

பத்தே நாளில் அம்பர்நாத்தில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாள். திருப்பூரில் சொன்ன சம்பளமில்லை, பதவியுமில்லை. ஆனால் அது மகாராஷ்டிரத்துக்குள் இருந்தது. பொருள்களை டெம்போவில் ஏற்றும்போது தப்ரேஸ் பாயைத் தூக்க வந்தான். "வை கீழ" என்றாள். வைத்தான். சபாதான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாமல் அழுதாள். மாமா செய்தது அவளுக்குத் தெரியாது. நூர் நிஷா சொல்லவுமில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவன் அம்பர்நாத்துக்கு வந்து நின்றான். மெலிந்திருந்தான். சபாவுக்கென்று தைத்த பள்ளிக்கூடப் பை கையில் இருந்தது. அவள் துள்ளிக்கொண்டு வாங்கி உள்ளே ஓடினாள். நூர் நிஷா வாசலை விட்டு நகரவில்லை.

"ஞாயித்துக்கிழம அவ வாப்பாட்ட வருவா. அங்க வச்சுப் பாத்துக்க. இங்க வராத."

"லாத்தா..." அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கு ஞாபகம் இருக்கு லாத்தா. நான் வாரேன்னு சொன்னேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே. வார பதினெட்டாம் தேதி விசாரண இருக்கு. அந்த ஜட்ஜம்மாட்ட சொல்லு."

 அவன் தலையை அசைத்தான். சரி என்றா, முடியாது என்றா என்று அவளுக்கு விளங்கவில்லை. சபா பையை மாட்டிக்கொண்டு காட்ட வருவதற்குள் சந்து முனை திரும்பிவிட்டான்.

பதினெட்டாம் தேதி நூர் நிஷா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். தப்ரேஸ் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான், திருப்பூர் வேலை திரும்பிவரப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஷிக் வந்தான், அவன் வக்கீல் வந்தார். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவள் கழுத்து தன்னால் திரும்பியது. வழக்கின் எண்ணைக் கூப்பிட்ட பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், தப்ரேஸ் இல்லை. பார்த்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக எழுந்து முன்னால் நடந்தாள்.