லிஃப்ற்றைப் பங்கராக்கியவர்கள்

மெலிசா எழுதிய நாடகத்தில் லிஃப்ற் ஒன்று பழுதாகும். அவ்வளவுதான் கதை. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் உயரமான ஒரு அடுக்குமாடிக் கட்டடம். பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ற் நின்றுவிடும். உள்ளே இரண்டு பேர். ஒருத்தி, மகனுக்குப் பேசிய கலியாணத்தை வேண்டாமென்று சொல்ல வந்த தாய். வெறுங்கையோடு போய் மறுப்பது மரியாதையில்லை என்று ஒரு தட்டு பயித்தம் பணியாரமும் கொண்டுவந்திருப்பாள். மற்றவர் பெண்ணின் தகப்பன். பேச்செல்லாம் தொலைபேசியில் நடந்ததால் இருவருக்கும் முகம் தெரியாது. அடைபட்டுக் கிடந்த பசியில் பணியாரம் முழுவதையும் தின்று முடித்துவிடுவார்கள். கதவு திறக்கும்போது, மறுப்புச் சொல்லப் போவதற்கு அவள் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மே மாதக் கடைசியில் அலெக்ஸாண்டர் அண்ணை அந்த லிஃப்ற்றைக் குண்டுக்கு ஒளியும் பங்கராக்கினார்.

ஒத்திகை நடந்தது தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில். இலங்கையில் யுத்தம் முடிந்த பிறகு கூடிய முதல் ஒத்திகை. அலெக்ஸாண்டர் ஸ்கார்பரோவில் இருபது வருடமாக நாடகம் போடுகிறவர். புதிய தாள்களை ஒவ்வொருவர் மடியிலும் வைத்துக்கொண்டே வந்தார். மேடைக்கு வெளிச்சம் போடுகிற நிசாந்தனிடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றார். நாடகம் எழுதியவள் அவனுடைய மனைவி. ஜனவரியில் செத்துப்போனவள்.

"குறை நினைக்காதையும் தம்பி. நிலைமை மாறிப்போச்சு. உள்ளுக்கை ரெண்டு பேர், வெளியிலை செல் விழுது. மற்றதெல்லாம் அவ எழுதினதுதான்."

"பணியாரம்?"

"தட்டு இருக்கு. தட்டிலை மண்."

பெண்ணின் தகப்பனாக நடிக்கும் பேனாட் சிரித்துவிட்டார். பகிடி என்று நினைத்திருப்பார். பிறகு மற்றவர்களின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றினார்.

மெலிசா பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது என்றார்கள். இருபத்தொன்பது வயது. அன்றிலிருந்து நிசாந்தன் வேலைக்குப் போனான், வந்தான், யாராவது சாப்பாடு தந்தால் சாப்பிட்டான். செத்தவீட்டில் கட்டிப்பிடித்து அழுதவர்களின் முதுகைத் தட்டிக்கொடுத்தவனும் அவன்தான். இப்போது அந்தத் தாளைப் பிடித்திருந்த விரல்கள் சூடாகின. கோபம்தான் இது என்று அடையாளம் காண அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணை, இது சிரிக்கிறதுக்கு எழுதின நாடகம்."

"அங்கை சனம் அடுக்கடுக்காச் செத்துக் கிடக்குது. இஞ்சை மேடையிலை நிண்டு பல்லைக் காட்டச் சொல்லுறீரோ?"

"அப்ப நாடகமே வேண்டாம் எண்டு விடுங்கோ."

"மண்டபம் எடுத்தாச்சு, சனத்துக்குச் சொல்லியாச்சு. மெலிசான்ரை நினைவாயும் இருக்கட்டும் எண்டுதான் செய்யிறம்."

நாடகத்தையே நிறுத்தியிருந்தால் அவன் தலையாட்டியிருப்பான். வசந்தம் முழுக்க எல்லாரையும்போல அவனும் யூனிவர்சிற்றி அவெனியூவில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்து நின்றவன். துக்கத்துக்கு நாடகம் வேண்டாமென்றால் அது நியாயம். ஆனால் அவளுடைய நாடகத்தின் பெயரை வைத்துக்கொண்டு, அவளுடைய பெயரையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததைத் தூக்கி எறிவது என்ன நியாயம்?

மெலிசா நாலு வயதில் கனடாவுக்கு வந்தவள். பங்கரைக் கண்டதில்லை. கண்டது லிஃப்ற்றைத்தான். டோர்செட் பார்க்கில் அவள் வளர்ந்த கட்டடத்தில் அது மாதத்துக்கு ஒருதரமாவது நிற்கும். நிசாந்தனோ ரொறன்ரோ மேடைகளுக்கு வருடக்கணக்காக வெளிச்சம் போட்டவன். சனி ஞாயிறுகளில் அரங்கேற்றம், நாடகம், கலைவிழா. சாவுக்குச் சிவப்பும் புகையும், நினைவுக்கு நீலம், பிரதம விருந்தினருக்கு மஞ்சள். தாளைப் பார்க்காமலே எந்த நாடகத்துக்கும் அவனால் வெளிச்சம் போட முடியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அப்படியொரு நாடகம் முடிந்து காரில் ஏறியதும் மெலிசா சொன்னாள்: "சிவப்பு லைற் வந்த உடனை எனக்கு கோட் எங்கையெண்டு தேடத் தோணுது. ஒரு பிளேயிலையாவது எல்லாரும் உயிரோடை வீட்டை போகட்டுமேன்." அந்தக் குளிர்காலமே எழுத உட்கார்ந்தாள்.

ஒத்திகை முடிந்ததும் அவன் தவமணி அக்காவை வீட்டில் இறக்கிவிடப் போனான். மகனின் தாயாக நடிப்பவர் அவர். பாண் பேக்கரியில் வேலை. ஒரேயொரு அண்ணன், குடும்பத்தோடு வன்னியில். கடைசியாகத் தொலைபேசியில் குரல் கேட்டது ஏப்ரலில். அன்று ஒத்திகை முழுக்க அக்கா புதிய வசனத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தாரே தவிர, வேறு வாய் திறக்கவில்லை. கார் கெனடி வீதியில் திரும்பியபோதுதான் பேசினார்.

"மெலிசா சொன்ன மாதிரித்தானே லைற்றெல்லாம் போட்டு வைச்சனீர்?"

"ஓம் அக்கா. அவ இருக்கேக்கையே மெசினிலை ஏத்தி வைச்சிட்டன்."

"உது இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு. பங்கருக்குப் புதுசாப் போடட்டாம்."

"போடும். பழசை அழிக்காதையும்."

அவன் திரும்பிப் பார்த்தான். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பங்கருக்குள்ளை இருந்தனானோ தம்பி? என்ரை அண்ணன் இருந்தவர். உள்ளுக்கை என்ன செய்தவர்? அழுதவரோ, செபம் சொன்னவரோ, கால் விறைக்குது எண்டு பிள்ளையளோடை சண்டை பிடிச்சவரோ? எனக்கே தெரியாது. அலெக்ஸாண்டர் அண்ணைக்கு எப்பிடித் தெரியும்?"

"அவரிட்டைச் சொல்லுங்கோவன்."

"சொன்னனான். 'தங்கச்சி, உமக்குத்தான் உண்மையான அழுகை வரும், அதுக்குத்தானே உம்மை விட்டிருக்கிறன்' எண்டார்."

நிசாந்தன் காரை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான்.

நாடகம் ஜூனில், ஒரு ஞாயிறு பின்னேரம். மார்க்கம் பக்கத்து மண்டபம். திரை இழுப்பது மண்டபத்து வெள்ளைக்காரப் பொடியன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எப்போது இழுப்பது என்று அவனுக்கு விளங்க வேறு வழியில்லாததால், வழக்கம்போல ஒரே ஏற்பாடு: மேடை முழுக்க இருண்டால் திரை. ஆகவே நாடகம் எப்போது முடியும் என்பது, மண்டபத்தின் பின்பக்கக் கூண்டில் இருக்கும் நிசாந்தனின் விரலில் இருந்தது.

மேடையின் வலப்பக்கத்தில் மெலிசாவின் படம். மாலை போட்டிருந்தார்கள். நெருப்பு வைக்க மண்டபத்தில் அனுமதியில்லை. முன்னால் மின்சாரத் திரி எரிந்தது. படம் கலியாணத்தன்று எடுத்தது. அவனைக் கேட்காமலே எங்கோ எடுத்துப் பெருப்பித்திருந்தார்கள். அவள் தோளில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டோடு நின்றது. அது அவனுடைய கை, மிச்சத்தை வெட்டிவிட்டார்கள்.

"நாடகம் முடியுமட்டும் படத்திலை லைற் நிக்கோணும்," என்று அலெக்ஸாண்டர் சொல்லியிருந்தார். "சனம் பாத்துக்கொண்டே இருக்கோணும்."

முதலில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. நிசாந்தன் மண்டபத்தை மெல்ல இருட்டாக்கினான். அந்த இருட்டில் எத்தனையோ பேர் மூக்கை உறிஞ்சுவது கூண்டுவரை கேட்டது. அதில் பொய் இருக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். வெளிச்சம் வந்ததும் பொன்னாடைகள் வந்தன. அனுசரணையாளர்கள் வரிசையாக ஏறினார்கள். வீடு விற்கிற ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தாயகத்தில் வீடிழந்து நிற்கும் எம் உறவுகளைப் பற்றித் தழுதழுத்தார். அதே மூச்சில் ஸ்ரௌவ்வில்லில் கட்டி முடிந்த புதுவீடுகளைப் பற்றியும் சொன்னார். கைதட்டினார்கள். நிசாந்தன் அவருக்கு மஞ்சள் போட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

பிறகு சிவப்பு. புகை. செல் விழும் சத்தம். மேடையில் தலைக்கட்டோடு பேனாட் மல்லாந்து கிடந்தார். துணிக்கட்டின்மேல் சிவப்பு மை. தவமணி அக்கா வெள்ளைச் சேலையில், மண் நிறைந்த தட்டோடு நடந்துவந்து, நிலத்தில் நாடா ஒட்டிக் காட்டியிருந்த சதுரத்துக்குள் நின்றார். லிஃப்ற்றுக்கென்று மெலிசா தன் கையால் அளந்து குறித்த அளவில் ஒட்டிய சதுரம் அது. அழ வேண்டிய இடம் வந்தது. மண்டபம் கைக்குட்டைகளோடு காத்திருந்தது.

அக்கா அழவில்லை. தட்டைப் பார்த்தார். நிமிர்ந்து, காற்றில் ஒரு விரலால் அமத்தினார். இன்னொருதரம் அமத்தினார்.

"எத்தினை தரம்தான் உந்தப் பட்டனை அமத்துறது? ஒரு சீவனும் வாறதாய்க் காணேல்லை."

மெலிசா எழுதிய முதல் வசனம்.

நிசாந்தன் யோசிக்கவில்லை. பழையதைத் தேடி அழுத்தினான். சிவப்பு ஒரேயடியாகப் போய், டோர்செட் பார்க் லிஃப்ற்றின் வெளிறிய வெள்ளை விழுந்தது. அந்த வெள்ளைக்காக மெலிசா அவனை அந்தக் கட்டடத்துக்கே கூட்டிப்போய், மேலும் கீழுமாக ஏறி இறங்க வைத்தவள். "பார், அது இடைக்கிடை சாகப்போற மாதிரி ஒருக்கா நடுங்கும், ஆனாச் சாகாது. அப்பிடி வேணும்."

பேனாட் ஒரு கணம் கிடந்தபடியே கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்கள். மெதுவாக எழும்பி இருந்தார்.

"தங்கச்சி, உது எமேர்ஜென்சிப் பட்டன். அமத்தினால் பொலிஸ்தான் வரும்."

"வரட்டும். பொலிசாவது வரட்டும். உங்கடை தலையிலை என்ன கட்டு?"

பேனாட் தலையைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு மெலிசா வசனம் எழுதியிருக்கவில்லை. "கதவு சாத்துப்படேக்கை இடிச்சுப்போட்டுது."

மண்டபத்தின் நடுவரிசையில் ஒருவர் எழுந்தார்.

"என்ன நக்கலோ? செத்தவீடு மாதிரிச் சனம் வந்திருக்குது, நீங்கள் கூத்தாடுறியளோ? வெக்கமில்லை?"

அக்கா அவரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்தத் தாயாகவே, கொஞ்சம் எரிச்சலோடு, ஆனால் மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, லிஃப்ற் நிண்டிட்டுது. ஒருத்தரும் இறங்கேலாது."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. எழுந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். மிச்சப் பேர் இருந்தார்கள்.

பேனாட் தட்டை எட்டிப் பார்த்தார். "அதென்ன தங்கச்சி?"

"பயித்தம் பணியாரம்."

"மண் மாதிரிக் கிடக்கு."

"ஓம். நான் சுட்டால் அப்பிடித்தான் வாறது."

இந்தமுறை சிரித்தது ஒருத்தி அல்ல. சிரித்தவர்களில் பலர் அதே கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

நிசாந்தனின் காதில் மாட்டியிருந்த ஹெட்செற் கரகரத்தது. மேடையின் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து அலெக்ஸாண்டர்.

"என்ன செய்யிறீர் அங்கை? லைற்றை நூரும், மேடை இருளட்டும்."

அவன் மேடையையே பார்த்தான்.

"கேக்குதோ? நூரும் எண்டுறன். திரையை விடட்டும். அந்த மனுசிக்குத் துக்கத்திலை மூளை பிசகிப்போச்சு. சனத்துக்கு முன்னாலை எங்களை நாறடிக்கிறா."

"அவ வசனம்தான் சொல்லுறா, அண்ணை."

"ஆரின்ரை வசனம்? செத்துக்கிடக்கிற சனத்தைவிட உமக்கு உம்மடை பெண்சாதியின்ரை பகிடி பெரிசோ?"

அந்தக் கேள்வி அவனைச் சுட்டது. பதில் சொல்ல வாயெடுத்தான். சொல்ல எவ்வளவோ இருந்தது: மண் தட்டைப் பற்றி, உண்மையான அழுகையைப் பற்றி, ஸ்ரௌவ்வில் வீடுகளைப் பற்றி. மேடையில் தவமணி அக்கா தட்டை பேனாட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணனைப் பற்றி இன்னும் ஒரு சேதியும் இல்லை.

"கடைசியாச் சொல்லுறன், நிசாந்தன். நூரும்!"

மேடையில் இரண்டு வெளிச்சம் இருந்தது. ஒன்று லிஃப்ற்றின்மேல். மற்றது படத்தின்மேல். நிசாந்தன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு தண்டில் விரலை வைத்து, அவசரமில்லாமல், அடிவரை இழுத்தான்.

படம் மறைந்தது. மாலை மறைந்தது. அதே இணைப்பில் எரிந்த மின்சாரத் திரியும், தோளில் கிடந்த வெட்டிய கையும் இருட்டுக்குள் போயின.

"நூத்திட்டன், அண்ணை," என்றான். ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்தான். அதற்குள் அலெக்ஸாண்டரின் குரல் சின்னதாகக் கத்திக்கொண்டிருந்தது.

பக்கத்திரை ஓரத்தில் வெள்ளைக்காரப் பொடியன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். மேடை இன்னும் இருளவில்லை. அவன் இழுக்கவில்லை.

சதுரத்தின்மேல் வெள்ளை வெளிச்சம் ஒருதரம் நடுங்கியது. நின்றது. பேனாட் தட்டிலிருந்து எதையோ எடுத்து வாயில் போடுவதுபோலப் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"குறை சொல்லக்கூடாது, தங்கச்சி," என்றார். "பசிக்குச் சாப்பிடலாம்."

"அப்ப இன்னொண்டு எடுங்கோவன்."