மருமகன்தான் கொலைகாரன்

கிணற்றுக்குள் ஒரு பணக்காரக் கிழவர் செத்து மிதந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணி, எங்கள் தொலைக்காட்சியில்.

நான் இருபத்திரண்டு வருடம் வட்டவிதானையாக இருந்தவன். எவருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டும், வேலி பிரித்து மேய்ந்த மாட்டுக்கு என்ன தண்டம் என்பதெல்லாம் எங்கள் வயல் வட்டையில் என் வாயால்தான் தீரும். சொன்ன தீர்ப்பை ஒரு நாளும் மாற்றியதில்லை. ஆகவே அந்த இந்தியத் துப்பறியும் நாடகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

நாடகம் நல்லது. இன்ஸ்பெக்டர் மடையர். பிணம் கிடந்த கிணற்றடியில் சப்பாத்தோடு நடந்து தடத்தையெல்லாம் அழித்துவிட்டார். எருமை களவு போனால்கூட நாங்கள் முதலில் ஓலை வெட்டித் தடத்தை மூடிவைப்போம். அதைவிடப் பெரிய பிழை, எல்லாரிடமும் எல்லாம் கேட்டவர், அந்த வீடு யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஆட்கள் பயமில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார்கள். செட்டிபாளையத்துச் சுனாமி வீட்டுத்திட்டத்தில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. தொலைக்காட்சி எங்களிடம் மட்டும். எங்கள் வீட்டைக் குடும்பத் தலைவர் என்று என் பேரில் எழுதத்தான் அதிகாரி பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பதுகூடத் தெரியாத மனிதர். மகள் சர்மிலாவின் பேரில் எழுதவைத்தேன். அவளுக்கு ஆனியில் கலியாணம் நடந்தது. மருமகன் தனுசன் களுவாஞ்சிக்குடியில் றேடியோ, தொலைக்காட்சி திருத்துபவர். வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தார்.

அன்று முன்னறை நிறைய ஆட்கள். மருமகனின் தாய் இராசாத்தியும் வந்திருந்தாள். அவள் வீடு வாவிக்கரைப் பக்கம். நாடகத்தில் வேலைக்காரி ஒருத்தி காவற்காரனிடம், செத்த கிழவரின் மருமகனை ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று சொல்லிச் சிரித்தாள். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

“இதுல என்னகா சிரிப்பு?” என்றாள் இராசாத்தி. “மாப்பிள்ள பொண்டாட்டி ஊட்டுல இரிக்காம கோயில் மடத்திலயா இரிக்கிற?”

கொலைகாரன் யார் என்று காட்டாமலே ‘தொடரும்’ என்று போட்டார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“விதானையார், நீங்க சொல்லுங்க. ஆரு?” என்று கேட்டார் எதிர்வீட்டுச் சீனிப்பிள்ளை.

“கிழவன்ட மகன் இல்ல,” என்றேன். “அவன் நாளைக்குப் பொண்டாட்டிட ஊட்ட போறவன். அவனுக்கென்ன லாபம்? மகளுக்குக் குடுத்த ஊட்டுல கிழவன் முன்னறையப் புடிச்சி வெச்சிக்கிட்டு, இரிக்கிற ஒரு காத்தாடியையும் தனக்கெண்டு போட்டுக்கிட்டு, வாறவன் போறவனையெல்லாம் அதிகாரம் பண்றான். எத்தின நாளைக்கு ஒரு ஆம்பிள பொறுப்பான்? மருமகன்தான் கொலகாரன். சந்தேகமே வேணாம்.”

எல்லாருடைய பார்வையும் என் தலைக்கு மேலே போனது. அப்போதுதான் கவனித்தேன். நான் இருந்தது முன்னறை. வீட்டில் காற்றாடி ஒன்றே ஒன்று. அது என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப என்ட புள்ள கொலகாரன்,” என்றாள் இராசாத்தி. “அப்பிடித்தானே?”

“நான் நாடகத்தச் சொன்னன்.”

“எந்த நாடகத்த?”

“விதானையார்,” என்றார் சீனிப்பிள்ளை, “இனிக் கிணத்தடிக்கித் தனியப் போகாதீங்க.”

வீடு அதிரச் சிரித்தார்கள். தனுசன் சிரிக்கவில்லை. கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, “அம்மா, வாங்க போவம்,” என்றார். போனவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் தேநீர்க் கடையில் அவரைக் கண்டவர்கள், “மாமனார் சுகமா இரிக்காரா?” என்று விசாரித்தார்களாம். சர்மிலா சோற்றில் கைவைக்கவில்லை. கலியாணம் முடித்து மூன்று மாதத்தில் மாப்பிள்ளை தாய் வீட்டில் என்றால் ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியாததா?

“போய்ப் பிழ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்களன்,” என்றாள் என் மனைவி அன்னப்பூரணி.

“இண்டைக்கி ஒரு தீர்ப்பப் பிழ எண்டா, இருவத்திரண்டு வருசமா நான் தண்டம் போட்ட மாட்டுக்காரனெல்லாம் நாளைக்கு வாசல்ல நிப்பான்.”

“மாடெல்லாம் எப்பவோ செத்திட்டு. உங்கட மகள் உசிரோட இரிக்காள்.”

புதன்கிழமை இராசாத்தி சீனிப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினாள். வருகிற ஞாயிறு நாடகம் முடிகிறதாம். கொலைகாரன் வேறு யாராவது என்றால் மகனைத் தானே கூட்டிவந்து விடுவாளாம். மருமகன்தான் என்றால், ஊர் சிரிக்கிற வீட்டுக்கு அனுப்பவே மாட்டாளாம்.

சனிக்கிழமை பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே முனாப் தன் புடைவைக் கடையின் மூலையில் நாடக டிஸ்க்குகளும் வாடகைக்குக் கொடுப்பவர். என் பழைய சிநேகிதர். நான் கேட்டதும் துள்ளிவிட்டார்.

“அண்ணன், நீங்க லேசுப்பட்ட ஆளில்ல! மருமகன்தான். கிழவன் எல்லாருக்கும் முன்னால வீட்டோட மாப்பிள்ள எண்டு ஏசியிரிக்கான். அந்த ரோசத்துல புடிச்சித் தள்ளிட்டான்.”

“அது ஒரு ஏச்சா?”

“அந்த நாட்டுல ஏச்சாம், அண்ணன். பொண்டாட்டி ஊட்டுக்குப் போன நாங்க ரெண்டு பேரும் அங்க பொறந்திரிந்தா எத்தின கொல செஞ்சிரிப்பம்?”

பஸ்ஸில் ஆரையம்பதி வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் பிடிக்க முன்னமே பிடித்தவன் நான். கிரான்குளம் தாண்டும்போதுதான் இராசாத்தியின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. நான் சொன்னது சரி. அதனால் என் மகள் தனிக்கட்டை.

ஞாயிறு நாலரை மணிக்கு அன்னப்பூரணியும் மகளும் கிணற்றடியில் நின்றார்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் போய் அன்ரனா வயரைப் பிடுங்கினேன். எழுபது வயதில் என் முதற் குற்றம். தூசியில் என் கால் பதிந்திருந்தது. விளக்குமாற்றால் கூட்டிவிட்டேன்.

ஐந்து மணிக்கு வீடு நிறைந்தது. திரையில் வெறும் புள்ளிகள் கொதித்தன. சீனிப்பிள்ளை வெளியே ஓடி அன்ரனாக் கம்பத்தைப் பிடித்துத் திருகினார்.

“இப்ப வருதா?”

“இல்ல!”

“இப்ப?”

“அந்தக் கம்பத்த முறிச்சிராதீங்க!” என்று கத்தினாள் அன்னப்பூரணி.

இராசாத்தி எழும்பினாள். “என்ட புள்ள மதகடியில நிக்கான். கூப்புடுங்க, திருத்தித் தருவான்.”

இதை நான் யோசிக்கவில்லை. என்னைத் தவிர எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. தனுசன் குறட்டோடு வந்தார். என் முகத்தைப் பாராமல் தொலைக்காட்சிக்குப் பின்னால் குனிந்தார். இனித் தாமதிக்க நேரமில்லை. எழுந்து நின்றேன்.

“நாடகம் பாக்கத் தேவல்ல. நேத்து காத்தான்குடியில டிஸ்க் போட்டுப் பாத்திட்டன். கொலகாரன் காவக்காரன். மருமகன் ஒரு பாவமும் அறியான். நான் சொன்னது பிழ.”

கம்பத்தைத் திருகிக்கொண்டிருந்த சீனிப்பிள்ளை உள்ளே ஓடிவந்தார். “விதானையார் பிழ எண்டா சொன்ன?”

“ஓம்.”

“இன்னொருக்காச் சொல்லுங்க,” என்றாள் இராசாத்தி. “எனக்குக் கொஞ்சம் காது மந்தம்.”

“பிழ,” என்றேன். அந்தச் சொல் இவ்வளவு கைக்கும் என்று எனக்குத் தெரியாது.

தனுசன் நிமிர்ந்தார். பிடுங்கிய வயரின் நுனி அவர் கையில் இருந்தது. கூட்டிச் சுத்தமாகக் கிடந்த நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“உள்ளுக்க ஒரு சாமான் எரிஞ்சி போயிரிக்கி,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “இண்டைக்கிச் சரிவராது. போயிட்டு வாங்க.” வயரைச் சுருட்டித் தொலைக்காட்சிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஆட்கள் கலைந்தார்கள். காவற்காரன்மேல் தனக்கு முதலே சந்தேகம் இருந்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள் இராசாத்தி. மகனை விட்டுவிட்டுத்தான் போனாள்.

நானும் மருமகனும் மட்டும் முன்னறையில் நின்றோம்.

“வெள்ளிக்கிழம நானும் காத்தான்குடிக்கிப் போன, மாமா,” என்றார். “முனாப் காக்கா அந்த டிஸ்க்கப் போட்டுக் காட்டினவர்.”

வாசலில் ஆள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டேன்: “ஆரு கொலகாரன்?”

“காவக்காரன்தான்,” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

சர்மிலா சோறு போட இரண்டு பீங்கான்களைக் கழுவி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.