வலது குழல்

மாளேரண்ட பெள்ளியப்பாவின் வீட்டுச் சுவரில், மருந்தும் ரவையும் இல்லாமல் மூன்று தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, காப்பிப் பழம் பறிக்கிற மாசத்தில் ஒருநாள் முற்பகல் யாரும் தொடாமலே ஒருமுறை வெடித்தது. இடது குழலிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. குடகில் ஒரு வெடி கேட்டால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு கேட்டால் சாவு. ஒன்றோடு நின்றுவிட்டதால் பக்கத்துத் தோட்டத்து மந்தண்ணா வாயெல்லாம் பல்லாக மேடேறி வந்தார். அந்த வீட்டிலோ பெள்ளியப்பாவையும், ஐம்பது தாண்டிய அவர் மனைவி தேச்சம்மாவையும் விட்டால் வேறு ஆள் கிடையாது.

"யாருக்கு அண்ணி பையன் பொறந்திருக்கான்?"

"எனக்குத்தான். வெறுங்கையோட வந்து நிக்கிறியே, தொட்டில் எங்க?" என்றாள் தேச்சம்மா, களத்தில் காய்ந்த பழங்களைக் காலால் கிளறிவிட்டபடி.

பெள்ளியப்பா சிரிக்கவில்லை. அவருடைய அப்பா போன அன்றும் அது இப்படித்தான் செய்தது. காலையில் இடது குழல், சாயங்காலம் வலது குழல். இரண்டாவது வெடியோடு கிழவரின் மூச்சு நின்றது. இடைப்பட்ட நேரம் முழுக்கக் கிழவர் நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. இப்போது தேச்சம்மாவின் காலுக்கடியிலும் சருகாய்க் காய்ந்த பழங்கள் சத்தம் போடவில்லை. அவர் துப்பாக்கியை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தார். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற வலது பக்கத்துக் குதிரையைக் கழற்றிப் பலாமரத்தடியில் புதைத்தார். அதன் ஸ்பிரிங்கை ஆற்று மடுவில் எறிந்தார். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் வலது குழலுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார். மிச்சத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். சாயங்காலம் வந்தது, போனது. தேச்சம்மா ராத்திரிக்குக் கடம்புட்டு உருண்டைகளை அவித்தாள்.

அதற்குப்பின் மிளகு விலை ஏறி இறங்கியது, யானை இருமுறை வேலியைப் பிய்த்தது, வருஷங்கள் போயின. சத்தமில்லாமல் வருகிறவளைக் கண்டு பசுக்கள் மிரண்டதால் தேச்சம்மா இருமிக்கொண்டே நடக்கப் பழகினாள். வேறு குறை எதுவும் இல்லை. பிறகு அவளுக்கு முதுகெலும்பில் நோய் கண்டது. மழைக்காலம் தாண்டாது என்றார் மடிக்கேரி டாக்டர். அது தாண்டியது, அடுத்ததும் தாண்டியது. சதை கரைந்து அவள் முறம் கனத்துக்கு வந்தாள். வலி மட்டும் பெருத்தது. நிற்க வேண்டிய நாடி ஏன் நிற்கவில்லை என்று தெரியவில்லை எனச் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் டாக்டர் கிளம்பிப் போனார். மந்தண்ணா தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வெடித்தும் பார்த்தார். காக்கைகள் பறந்தன, அவ்வளவுதான்.

"நம்ம வீட்டுதைச் சரி பண்ணுங்க," என்றாள் தேச்சம்மா.

பெள்ளியப்பா அதை ஆணியிலிருந்து இறக்கினார். மேசையில் துப்பாக்கியைப் பரப்பி, அரத்தை எடுத்து ராவத் தொடங்கினார். ஒரு வாரம் ராவினார்.

"இரும்பை ராவுற சத்தமும் மேசையை ராவுற சத்தமும் எனக்குத் தெரியாதா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "பொண்டாட்டியை ஏமாத்துறதுக்கு இந்த வயசா கெடச்சுது உங்களுக்கு?"

அன்றைக்கே பலாமரத்தடியைத் தோண்டினார். குதிரை அப்பளமாகத் துருப்பிடித்துக் கையில் உதிர்ந்தது. இரும்புத் துண்டிலிருந்து வேறொன்றை வெட்டினார். சுவர்க் கடிகாரத்தின் ஸ்பிரிங்கை நறுக்கி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார், அது முறிந்தது. மறுபடி காய்ச்சினார், மறுபடி முறிந்தது. திருகாணிகள் கை தவறி உருண்டோடின. அவற்றைத் தேடித் தரையில் தவழ்ந்து உள்ளங்கையால் துழாவும்போது அவள் முனகுவது கேட்கும்; எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். ஒருவழியாக இரண்டு குதிரைகளும் சரியாக நின்றன. சுவரில் மாட்டினார். அது வெறும் இரும்பாகத் தொங்கியது.

கைல்போல்து பண்டிகை வந்தது. அன்று ஆயுதங்களைக் கழுவி, குழலில் காந்தள் பூ செருகிக் கும்பிட வேண்டும். மந்தண்ணா பூக் கொண்டுவந்து கொடுத்தார். தேச்சம்மா துப்பாக்கியை வாங்கி மார்மேல் வைத்துக்கொண்டு தானே செருகினாள். இடது குழலில் காம்பு இறங்கியது. வலது குழலில் இறங்கவில்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன?"

"ஈயம்."

"எப்ப ஊத்தினீங்க?"

"அன்னிக்கே."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல," என்றார் பெள்ளியப்பா.

அவள் கோபப்படவில்லை. வலி ஒருமுறை வந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "என்னால இதுக்கு மேல முடியலைங்க," என்றாள். "ஈயத்தை எடுத்துடுங்க. வந்து பக்கத்துல உக்காருங்க."

குழலை மட்டும் கழற்றி அடுப்பு நெருப்பில் வாட்டினார். ஈயம் சாம்பலில் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் இத்தோடு போதும் என்று நினைத்தார். ஆனாலும் கடைசிச் சொட்டுவரை பிடித்திருந்தார். ஆறவைத்து, பூட்டி, இரண்டாவது பூவையும் செருகி ஆணியில் மாட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் பாதங்களை மடியில் எடுத்துக்கொண்டார். மந்தண்ணா வீட்டிலிருந்து, புளிப்புக்குக் கச்சம்புளி ஊற்றிய பன்றிக்கறியின் வாசனை வந்தது.

"கச்சம்புளி கூடிப்போச்சு அவங்களுக்கு," என்றாள் தேச்சம்மா.

அப்போது வெடித்தது. காந்தள் இதழ்கள் தரையெங்கும் சிதறின.

வயல் சேற்றில் நடந்து ஊர் வந்து சேர்ந்தது. பெண்கள் அவளைத் தூக்கி நடுவீட்டு விளக்கடியில் கிடத்தினார்கள். மந்தண்ணா முறைப்படித் தன் துப்பாக்கியில் இரண்டு தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு முற்றத்து ஓரத்தில் போய் நின்றார்.

"வெடிக்கட்டுமாண்ணா?"

"ரெண்டும் ஆச்சு மந்தண்ணா," என்றார் பெள்ளியப்பா.

மந்தண்ணா கொஞ்சம் யோசித்தார். இரண்டுக்கும் நடுவில் வருஷங்கள் அதிகம் என்றாலும் கணக்குச் சரிதான் என்று பட்டது. தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குளிப்பாட்ட வெந்நீர் வைப்பதற்கு விறகு எடுத்துவரப் போனார்.