முந்திக் குதித்த லோபாக்

நாற்பத்தொரு வயது வரைக்கும் அன்பரசிக்காக யாரும் கைதட்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவளுக்கு யார் தட்டப் போகிறார்கள்? காலை ஏழு மணிக்கு வெட்டு மெஷினின் ஒரு கைப்பிடியை அவள் பிடிப்பாள். மறு கைப்பிடி சரோஜாவிடம். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாகச் சரிவில் ஏறி இறங்குவார்கள். இருபது வருஷமாக இதுதான். மகன் ஜொகூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தான், தீபாவளிக்கு வருவான். கணவன் ஹரிதாஸ் காய்கறி லோரி ஓட்டினான். மலைமேல் திரிங்காப், லெம்பா பெர்த்தாம் ஊர்களின் காய்கறித் தோட்டங்களில் சரக்கு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் போய் இறக்குவான்.

நாயைக் கொண்டுவந்ததும் அவன்தான். லெம்பா பெர்த்தாமில் ஏற்றிய முள்ளங்கிக் கூடைகளுக்கு நடுவில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முள்ளங்கிக்கு மலாயில் லோபாக். அதுவே பெயராகிவிட்டது. செம்பழுப்பு உடம்பு, வெள்ளைக் கால். ஒரு வயதில் லயத்து வரிசை வீடுகளின் வேலியை ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே தாண்டியது.

அதைப் பார்த்தவள் புனிதா. ஈப்போவில் ஆசிரியை. பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஈப்போவில் நாய்களுக்குத் தடை தாண்டப் பழக்கும் குழு ஒன்றை அவள் நடத்தி வந்தாள்.

"அக்கா, இந்த நாய எனக்குக் குடுங்க. இல்லாட்டி நீங்களே பழக்குங்க. இது சும்மா படுத்துக் கெடக்குற நாயே இல்ல லா" என்றாள்.

அன்பரசி கொடுக்கவில்லை. தானே பழக்கினாள். புனிதா கைப்பேசிக்கு அனுப்பிய காணொளிகளைப் பார்த்து, பிளாஸ்டிக் தண்ணிக் குழாய்களை வெட்டித் தடைகள் செய்தாள். கோயிலுக்குப் பின்னாலிருந்த பழைய பந்துத் திடலில் அவற்றை நட்டாள். வேலை முடிந்து, குளித்து, மாலை ஐந்து மணிக்கு இருவரும் இறங்குவார்கள். தாண்டு, சுத்து, உள்ள போ, நில்லு: நாலு வார்த்தை. அவள் கை காட்டும் பக்கம் அது பறந்தது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜலால் பாய் நாயைத் தொடமாட்டார். ஆனாலும் சனிக்கிழமை தோறும் கோழி ஈரலைப் பையில் கட்டி வைத்திருந்து, "உங்க ஓட்டக்காரனுக்கு" என்று நீட்டுவார்.

ஈப்போவில் நடந்த முதல் போட்டியில் லோபாக்குக்கு மூன்றாவது இடம். இரண்டாவது போட்டியில் முதலிடம். முந்நூறு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். விலை உயர்ந்த சாதி நாய்களுக்கு நடுவில் தோட்டத்து நாய் ஒன்று. அன்பரசி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். மறுநாள் தோட்டத்துத் துரை காடியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "நீதானா அந்த நாய்க்காரி?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருபது வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

இந்த வருஷம் மார்ச்சில்தான் லோபாக் கம்புகளைத் தட்ட ஆரம்பித்தது.

தடைக்குப் பக்கத்தில் போய்க் குதிக்க வேண்டிய நாய் ஓரடி, ஒன்றரையடி முன்னாலேயே எழும்பியது. போய் விழும்போது பின்கால் கம்பில் இடித்தது. சில நேரம் ஓடிவந்து தடைக்கு முன்னால் தடுமாறி நின்றது. அன்பரசி காணொளி எடுத்துப் புனிதாவுக்கு அனுப்பினாள்.

"கவனம் போயிருச்சுக்கா. ஜெயிச்ச நாய்க்கெல்லாம் இப்படி வரும். கம்ப ரெண்டு விரல் ஏத்திப் போடுங்க. தானா சரியாயிரும்" என்றாள் புனிதா.

ஏற்றிப் போட்டாள். சரியாகவில்லை. கோலாலம்பூர் போட்டிக்கு ஏழு வாரம்தான் இருந்தது. சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலெல்லாம் சொல்லியாகிவிட்டது. சரோஜா தன் தம்பி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவதாக இருந்தாள். ஒரு நாள் அன்பரசி பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் இரும்புக் கம்பி ஒன்றை வைத்தாள். புனிதா சொல்லிச் செய்ததல்ல அது. வலித்தால் காலைத் தூக்கும் என்று அவளாகவே நினைத்தாள். அன்று லோபாக் நான்கு முறை இடித்தது. ஐந்தாவது முறை அவள் கூப்பிட்டபோது வந்தது, ஆனால் வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வந்தது. பின்னங்கால் எலும்பின் மேல் தோல் பிளந்திருந்தது.

வீட்டில் ஹரிதாஸ் மஞ்சள் குழைத்துப் போட்டான்.

"இதுக்குக் கண்ணுல ஏதோ இருக்கு அன்பு. நேத்து விடிகால லோரி டயர்ல போயி முட்டிக்கிச்சு. நிக்கிற லோரி லா."

"மூடுபனில உங்களுக்கே ரோடு தெரியாது. அதுக்கு மட்டும் தெரியுமா?"

"ஈப்போல டாக்டர்கிட்ட காட்டலாம். புதன்கிழம நான் சும்மாதான் இருக்கேன்."

"போட்டி முடியட்டும்."

"அதுக்கில்ல..."

"நாய ஓட விடுறது நானா நீங்களா? பேசாம இருங்க."

அவன் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

இரண்டு நாள் கழித்து, அவன் கோலாலம்பூர் போயிருந்த மாலை, அன்பரசி வேறொன்று செய்தாள். லோபாக்கைத் திடலின் நடுவில் உட்கார வைத்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. வாயைத் திறக்காமல் ஒரு துண்டு ஈரலை அதன் மூக்குக்கு முன்னால், இரண்டு கை தூரத்தில், மெதுவாக ஆட்டினாள். நாயின் தலை அசையவில்லை. கண் அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தது. துண்டைப் புல்லில் போட்டாள். விழுந்த சின்னச் சத்தத்துக்குக் காதை நிமிர்த்திய பிறகு, மூக்கைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேடி அதைக் கண்டுபிடித்தது.

அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அது வந்து அவள் மடியில் தலையை வைத்தது.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து பயிற்சியைப் பகல் வெளிச்சத்துக்கு மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சி வேளையிலும், மற்ற நாட்களில் வேலை விட்ட கையோடும் ஓடவிட்டாள். வெயிலில் லோபாக்குக்கு ஓரளவு தெரிந்தது. மீதியை அவள் குரலால் நிரப்பினாள். தடைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே சரியான கணத்தில் "தாண்டு!" என்று கத்துவாள். அந்தச் சொல் விழுந்ததும் அது எழும்பும். மூன்று வாரத்தில் கம்பு தட்டுவது பாதியாகக் குறைந்தது. கேட்பவர்களிடம் "சரியாயிருச்சு" என்று சொன்னாள். அது அவளை நம்பி இருட்டுக்குள் குதிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ஒரு போட்டி, ஒன்றே ஒன்று, அதற்கப்புறம் விட்டுவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சுவர் இல்லாத பெரிய கொட்டகை, மேலே தகரக் கூரை. ஹரிதாஸ் சரக்கை இறக்கிவிட்டு லோரியை வெளியே நிறுத்தியிருந்தான். காலைச் சுற்றில் வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. அன்பரசி தொண்டை கிழியக் கத்தியபடி ஓடினாள். லோபாக் ஒரு கம்பைக்கூடத் தட்டவில்லை. இரண்டாவது இடம். சரோஜா விசிலடித்தாள். புனிதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"நான் சொல்லல? கவனம்தாங்கா பிரச்சன!"

இரண்டாம் சுற்று மூன்று மணிக்கு. இரண்டரைக்கே வானம் கறுத்துவிட்டது. மூன்றுக்கு மழை இறங்கியது. தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. விளக்குகளை இன்னும் போடவில்லை.

ஹரிதாஸ் தடுப்புக் கயிற்றுக்கு வந்து அவள் காதருகில் குனிந்து கத்தினான். "வேணாம்னு சொல்லிரு! இருட்டா இருக்கு!"

தொடக்கக் கோட்டில் நின்ற தொண்டர் கட்டைவிரலைத் தூக்கி, தயாரா என்று சைகையில் கேட்டார். சுற்றிலும் ஆட்கள். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பரசி தலையாட்டினாள்.

முதல் மூன்று தடைகளில் அவள் பக்கத்திலேயே ஓடினாள். அடுத்தது துணிக் குகை. லோபாக் உள்ளே நுழைந்து, அவள் நினைத்ததைவிட வேகமாக மறுபக்கம் வந்துவிட்டது. அவள் நாலடி பின்னால் இருந்தாள். "இங்க! லோபாக், இங்க!" என்று கத்தினாள். மழை அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. நாய் ஒரு கணம் நின்று காதைத் திருப்பியது. கூட்டத்தில் யாரோ உரக்கக் கத்தினார்கள். அது அந்தப் பக்கம் திரும்பி முழு வேகத்தில் ஓடி, எதுவுமே இல்லாத இடத்தில், அழகாக, உயரமாகக் குதித்தது. கொட்டகையின் சிமெண்டுத் தூணில் போய் மோதி விழுந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது முன்னங்கால்களால் எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பாதி அசையவில்லை. அவள் கையை மோந்து பார்த்துவிட்டு நக்கியது.

லோரியில்தான் கொண்டுபோனார்கள். கிளினிக்கில் இருந்த டாக்டர் இளம்பெண். முதுகெலும்பு முறிந்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை, ஊசி போடுவதுதான் நல்லது என்று மலாயில் சொன்னார். பிறகு கண்களுக்குள் விளக்கடித்து வெகு நேரம் பார்த்தார்.

"கண்ணு உள்ள தேஞ்சு போயிருக்கு. இன்னைக்கு நேத்து இல்ல, பல மாசமா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றாள் அன்பரசி.

ஹரிதாஸ் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஊசி போட்ட பிறகும் வெகு நேரம் அவன் கையை எடுக்கவில்லை.

நாயை லோரியிலேயே மலைக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை ஹரிதாஸ் கோயிலுக்குப் பின்னால் குழி வெட்டினான். மழையில் மண் ஈரமாகி மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் பிடிக்க வந்தபோது, "நீ போ. வேலைக்கு நேரமாச்சு" என்றான். அவள் போனாள். அன்று மெஷினைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது சரோஜா எதிர்ப்பக்கத்திலிருந்து, "விதி லா, என்னா பண்றது" என்றாள். நாய்க் குழுவின் கைப்பேசிப் பக்கத்தில் புனிதா லோபாக்கின் படத்தைப் போட்டு, விபத்து என்று எழுதியிருந்தாள். நூற்றுக்கும் மேலே ஆறுதல் வந்தது. அன்பரசியைப் போல நாயை நேசித்தவர் யாருமில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லோபாக்கைப் புதைத்த பதினெட்டாம் நாள் ஹரிதாஸ் பசியாறிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"அதுக்குக் கண்ணு தெரியலன்னு தெரியும். நீங்க சொன்ன ரெண்டாம் நாளே பாத்துட்டேன். ஈரல ஆட்டிப் பாத்தேன். அதுக்குத் தெரியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க தடுத்திருப்பீங்க."

"ஆமா, தடுத்திருப்பேன்."

"அதான் சொல்லல."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் எழுந்து கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டே, "கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு கத்துனேன் பாரு. உள்ள வந்து ஒன்ன இழுத்திருக்கணும். எத்தன பேரு பாத்தா என்னா?" என்றான். லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் லோபாக்கின் பேரை இருவரும் எடுக்கவில்லை. சேர்ந்துதான் சாப்பிட்டார்கள், கோயிலுக்கும் சேர்ந்துதான் போனார்கள். ஆனால் அவன் லோரியில் புதிதாக என்ன பார்த்தான், யாரைப் பார்த்தான் என்று வந்து சொல்லும் வழக்கம் நின்றுபோனது.

ஹரிதாஸிடம் சொன்ன அன்றைக்கே அவள் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். இரும்புக் கம்பி வைத்ததையும் ஈரலை ஆட்டிப் பார்த்ததையும் டாக்டரிடம் பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். யாருக்காவது நாய் முந்திக் குதித்தால் உயரத்தை ஏற்றாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று முடித்தாள். வந்த பதில்களெல்லாம் வசவு. சாயங்காலத்துக்குள் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இரவு புனிதா கூப்பிட்டாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? கம்ப ஏத்தச் சொன்னது நான்தானேன்னு எல்லாரும் என்னக் கேக்குறாங்க."

"நீ ஒன்னும் பண்ணலம்மா. நீ வீடியோலதான் பாத்த. நான் நேர்ல பாத்தேன். புனிதா, கோலாலம்பூர்ல உன் நாய் ஓடுறதப் பாத்தேன். அதுவும் முந்திக் குதிக்குது" என்றாள்.

"காஸ்பருக்கு ஒன்னும் இல்ல!"

"காட்டிரும்மா."

தொடர்பு அறுந்தது.

ஒரு மாதம் புனிதாவிடமிருந்து எதுவும் வரவில்லை. பிறகு ஒரு நாள், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வரிசையில் நிற்கும்போது, கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "காஸ்பருக்குக் கண்ணு நல்லாதான் இருக்காம். தோள்பட்டைல பழைய காயமாம். ஒவ்வொரு தடவ குதிக்கிறப்பவும் வலிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இனிமே ஓட விடமாட்டேன்."

அன்பரசி அதை இரண்டு முறை படித்தாள். பதில் எழுத விரலை வைத்தாள். பின்னால் நின்ற சரோஜா, "நகரு லா, கணக்கெழுதுற கிராணி கூப்பிடுறாரு" என்றாள். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தாள்.