கிண்ணத்துக்கு வெளியே பதினெட்டு நாள்

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிய மறுநொடி அவள் அதைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகக் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் எலும்பு அறுவை செய்கிற டாக்டர். ஒரு படத்தை இரண்டு தடவை பார்க்கிற ஆளே இல்லை.

மட்டக்குதிரையின் வலது தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தில் இல்லை. அதன் உருண்டைத் தலை நழுவி, நாலு விரற்கடை மேலே ஏறி, இடுப்பெலும்பின் மேல் சவாரி செய்துகொண்டிருந்தது. நேற்று நழுவியதல்ல. பதினெட்டு நாள் ஆயிற்று.

அந்தப் பதினெட்டு நாளும் அதற்கு வைத்தியம் பார்த்தவன் அவளுடைய சொந்த அண்ணன். அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. இன்றைக்கு மயக்க மருந்து கொடுக்கப்போவதும் அவன்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"நீயே பாரு."

பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"முழங்கால் சில்லு மாட்டிக்கிட்டிருந்துச்சுடி. கால் மடங்கவே இல்ல. நான்தான் கையை வச்சுப் பார்த்தேனே."

"சில்லு மாட்டினது நெசம்தான். ஏன் மாட்டுச்சு? மேல இடுப்பு கழண்டதால. முழங்காலைத் தொட்ட கை ரெண்டு சாண் மேல போகலையாண்ணா?"

மட்டக்குதிரைகளுக்குச் சில்லு மாட்டிக்கொள்வது சளிபிடிப்பது மாதிரி, அடிக்கடி வரும். ஒரு தசைநாரை வெட்டி விட்டால் தீரும். அண்ணன் வெட்டினான். தினமும் நடத்தச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தான். அன்றைக்கே இடுப்பைப் பார்த்திருந்தால் கத்தியே வேண்டாம். மயக்கம் கொடுத்து இழுத்துச் செருகியிருக்கலாம்.

"குதிரையைக் கொண்டுவந்த அந்த வண்டிக்காரர்கிட்ட சொல்லிடாதடி," என்றான் தாழ்ந்த குரலில். "இருபது வருஷப் பேரு. ஒரே நாள்ல நாறிப்போகும். கூடப் பொறந்தவன்னு நினைச்சாவது வாயை மூடிக்கிட்டு இரு."

அவள் கையுறைப் பெட்டியையே பார்த்தாள்.

"சரி," என்றாள். சொன்ன வாய் கசந்தது.

வண்டிக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிற சின்ன வண்டி அவருடையது. வண்டி, சக்கரம், அச்சு எல்லாம் அவரே செதுக்கியது. இழுத்தது கடுகு என்ற இந்தப் பெண் மட்டக்குதிரை. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் அந்தப் பெயர். கடுகைப் பிடித்துவந்த கயிற்றை இன்னும் கையில் சுற்றி வைத்திருந்தார்.

"எல்லாம் எம் பொண்டாட்டியால வந்தது டாக்டரம்மா. கயித்தை நீளமா விட்டுக் கட்டிட்டா. கால் சிக்கி விழுந்துடுச்சு. அன்னையிலிருந்து அவகூட நான் பேசறதில்ல."

"பதினெட்டு நாளாவா? அப்ப சாப்பாடு?"

"போடறா, சாப்பிடறேன். அது வேற டிபார்ட்மென்ட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"முதல்ல இழுத்துப் பார்ப்போம். உள்ள போகலைன்னா தொறந்து, அந்த உருண்டையையே அறுத்து எடுத்துடணும். எலும்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல தழும்புச் சதை வளர்ந்து மெத்தை மாதிரி நிக்கும். பெரிய குதிரைன்னா சந்தேகம்தான். கடுகு நூத்தம்பது கிலோதானே, நடக்கலாம். ஆனா நொண்டும். வண்டி இழுக்காது."

"வண்டி கிடக்குது. எந்திரிச்சு நிக்குமா?"

"நிக்கலைன்னா ஊசி போட்டு முடிச்சுடறதுதான்."

அவர் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார்.

மயக்கத்தில் கிடந்த கடுகின் காலில் கயிறு கட்டி மூன்று ஆள் சேர்ந்து இழுத்தார்கள். அவள் உருண்டையைக் கையால் தள்ளினாள். நகர்ந்தது, கிண்ணத்தின் விளிம்புவரை வந்தது, கையை எடுத்ததும் வந்த வழியே ஏறிக்கொண்டது. மறுபடி. மறுபடி. கிண்ணத்துக்குள் சதை வளர்ந்து மூடிவிட்டது. இனி அங்கே இடமில்லை.

"கத்தி," என்றாள்.

இரண்டு மணி நேரம். ரம்பம் எலும்பில் ஓடிய சத்தத்தில் அண்ணன் ஒரு தடவைகூட நிமிரவில்லை; மூச்சளக்கும் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்த உருண்டையின் ஒரு பக்கம் வெள்ளைவெளேரென்று குருத்தெலும்போடு இருந்தது. மறுபக்கம் தேய்ந்து, தட்டையாகி, மினுமினுத்தது. தட்டில் போட்டாள். போட்டவள் அதை மூடி வைத்திருக்கலாம்.

மூடவில்லை.

கடுகைத் தூக்கி, சுவரெல்லாம் மெத்தை தைத்த அறைக்குள் கிடத்தினார்கள். மயக்கம் தெளிந்து எழும்போது தடுமாறாமல் இருக்கத் தலைக்கு ஒரு கயிறு, வாலுக்கு ஒரு கயிறு. கண்ணாடி ஜன்னல் வழியே பார்க்க வண்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் கண் முதலில் போனது ஜன்னலுக்கல்ல. தள்ளுவண்டியில் இருந்த தட்டுக்கு.

"இதானா?"

எடுத்தார். கட்டை விரலால் தடவினார். தேய்ந்த பக்கத்தில் விரல் நின்றது.

"டாக்டரம்மா, அச்சு சக்கரத்தோட குடத்தை விட்டு வெளிய வந்து ஓடினா இப்படித்தான் ஒரு பக்கமா வழுவழுன்னு தேயும். நான் பார்க்காத தேய்மானமா? இது ரொம்ப தூரம் ஓடியிருக்கு."

அவள் ரத்தம் படிந்த கையுறையைக் கழற்றினாள்.

"முழங்கால்ல கத்தி வச்ச அன்னைக்கே இது கழண்டுதான் கிடந்துச்சா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"ஆமா," என்றாள்.

வண்டிக்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்துப் பிரித்தார். அண்ணனின் கையெழுத்து.

"தினமும் அரை மணி நேரம் நடத்தவும். முரண்டு பிடித்தால் விடக்கூடாது," என்று எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். "அது நடக்க மாட்டேன்னுச்சு சார். மூணாவது நாள் குச்சி எடுத்தேன். அதுக்கு முன்னால ஒரு நாளும் அது மேல கை வச்சதில்ல. ஒரு நாளும்."

"தப்பு என்னுதுங்க," என்றான் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "உங்க மேல இல்ல."

"அடிச்சது நான்தானே சார்?"

தொம்!

மெத்தைச் சுவரில் மோதுகிற சத்தம். அண்ணன் பாய்ந்து உள்ளே போய் வால் கயிற்றைப் பற்றினான். உதவியாளர் தலைக் கயிற்றை. கடுகு முன்கால்களை ஊன்றியது, பின்பக்கம் எழுந்தது, சாய்ந்தது, அண்ணன் சுவரில் காலை முட்டுக்கொடுத்துத் தொங்கினான். கயிறு உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை.

நின்றுவிட்டது. மூன்று காலில். பிறகு வலது குளம்பின் நுனி, பயந்து பயந்து, தரையைத் தொட்டது.

"நின்னுடுச்சு!" வண்டிக்காரர் தன்னை மறந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கையில் அந்தக் கயிறு.

கடுகு அவரைப் பார்த்தது. காதுகள் பின்னுக்கு மடிந்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பின்வாங்கியது, இடுப்பு ஆடியது, இன்னொரு தடவை விழுந்தால் கதை முடிந்தது.

"வெளிய போங்க! இப்பவே!"

அவர் கயிற்றைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். சுவரோரம் ஒட்டி நின்றார். உள்ளே கடுகின் நடுக்கம் மெல்ல அடங்கியது.

"ரெண்டு வாரம் யாராவது கூடவே இருக்கணும்," என்றாள் அவள். "பயந்து துள்ளினா தையல் பிஞ்சுடும். நீங்க வேண்டாம். வேற யார் பக்கத்துல போனா சும்மா நிக்கும்?"

அவர் கண்ணாடி வழியே தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

"தீனி வைக்கிறவ ஒருத்தி இருக்கா," என்றார். "எம் பொண்டாட்டி."

"வரச் சொல்லுங்க."

போனை எடுத்தார். கட்டை விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"என்னங்க? நீங்கதானா? பேசுங்க... கடுகு இருக்காளா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் இன்னும் வால் கயிற்றை விடாமல் நின்றான்.

"இருக்கா," என்றார் வண்டிக்காரர். "நீ வா. என்னைக் கண்டா பயப்படறா."